பிரிட்டனில் ஆசிய இசைச் சுற்றுக் கச்சேரிகள்: ஒரு பருவத்தைத் திட்டமிட்டு நடத்த முழுமையான வழிகாட்டி

லண்டனில் ஒரே ஒரு கச்சேரி வைக்க ஒரு நல்ல பாடகர், ஒரு ஹால், ஓடியாட நாலு பேர் இருந்தால் போதும். அதே பாடகரை லெஸ்டர், பர்மிங்காம், லிவர்பூல், எடின்பரோ என்று கூட்டிப்போவதும், அவர் போன சூட்டோடு சூஃபி பக்திப் பாட்டான கவ்வாலி பாடும் ஒரு குழுவையும் அடுத்து ஜாவாவின் வெண்கல வாத்தியக் கூட்டிசையான கமெலானையும் சீனத் தந்தி வாத்தியமான பிபா வாசிக்கும் கலைஞரையும் அதே ஊர்களுக்கு அனுப்பி, செப்டம்பரிலிருந்து மே வரை ஒரே பருவமாக ஓட்டுவதும் வேறு வேலை. கலைஞர் தேர்வில் கோட்டைவிடுகிறவர்கள் குறைவு. எந்த இசையை எந்த மாதம் எந்த அரங்கில் உட்காரவைப்பது என்பதில்தான் பருவங்கள் சறுக்குகின்றன. ஊர்ச் சங்கமோ சிறு கலை அமைப்போ நடத்துகிறவர்களுக்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் காலண்டர், பிறகு கலைஞர்

இங்குள்ள அரங்குகள் ஒன்று, ஒன்றரை வருடம் முன்பே தேதி கொடுத்துவிடும். ஆகவே அடுத்த பருவத்துக்கான வேலையை இந்தப் பருவத்தின் முதல் கச்சேரிக்கு முன்பே தொடங்க வேண்டும். ஒரு பெரிய சுவர்க் காலண்டரில் முதலில் 'கூடாத' நாட்களை அடித்துவிடுங்கள்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை கர்நாடகக் கலைஞர்கள் சென்னையை விட்டு நகரமாட்டார்கள். இந்துஸ்தானிக் கலைஞர்களுக்கும் இந்தியாவில் குளிர்காலம்தான் கச்சேரிக் காலம். ரமலான் மாதத்தில் கவ்வாலி கூடாது. அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும் என்பதால் போன வருடத்துத் தேதியை நம்பக் கூடாது. சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அந்த இரண்டு வாரம் நல்ல பிபா, குஜெங் (இன்னொரு சீனத் தந்தி வாத்தியம்) கலைஞர்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே அழைப்பு இருக்கும். பாலியிலிருந்து ஆள் வருவதாக இருந்தால் பெரும்பாலும் மார்ச்சில் வரும் ஞேப்பி என்னும் மௌன நாளைப் பாருங்கள்: அன்றைக்கு 24 மணி நேரம் தென்பாசார் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள்.

கிடைக்கிற வாய்ப்பும் இதே காலண்டரில்தான் இருக்கிறது. 1978 முதல் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்காகவும் அதையொட்டிய அமெரிக்கச் சுற்றுக்காகவும் ஏகப்பட்ட கர்நாடகக் கலைஞர்கள் கடல் தாண்டுகிறார்கள். போகும்போதோ திரும்பும்போதோ லண்டனில் பத்து நாள் இறங்கச் சொன்னால் விமானச் செலவில் பாதி மிச்சமாகும் வாய்ப்பு உண்டு. கர்நாடகத்துக்கு மார்ச் கடைசி அல்லது மே, கவ்வாலிக்கு அக்டோபர் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை நடுவில் நிரப்புங்கள்.

படி 2: இசைக்கேற்ற அரங்கு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 'நம்மிடம் 600 இருக்கை அரங்கு இருக்கிறது, அதில் யாரை வைக்கலாம்' என்று யோசிப்பது தலைகீழ். குழுவைத் தீர்மானித்துவிட்டு அதற்கு இடம் தேடுங்கள்.

சீனத்தின் 'கூச்சின்' என்பது ஏழு தந்தி வாத்தியம். பக்கத்து அறையில் கேட்காது, அவ்வளவு மெல்லிய நாதம். பெரிய அரங்கில் வைத்து மைக்கைத் திருகினால் விரல் தந்தியில் உரசும் ஒலி மட்டும் பெரிதாகக் கேட்கும், இசை காணாமல் போகும். சிறு தேவாலயம், அருங்காட்சியகத்தின் ஒரு அறை, அல்லது லண்டன் சவுத்பேங்கின் பர்செல் ரூம் மாதிரி 300 இருக்கைக்கு உட்பட்ட அரங்கு என்பதோடு நிறுத்துங்கள். பிபாவும் ரஷ்யாவின் துவா பகுதித் தொண்டைப்பாட்டுக் குழுவும் 1901இல் கட்டிய விக்மோர் ஹால் போன்ற இடத்தில் மைக்கே இல்லாமல் நிற்கும். பிரிஸ்டலில் தேவாலயமாக இருந்து அரங்காக மாறிய செயின்ட் ஜார்ஜஸும் அந்த ரகம்.

ஜப்பானிய மேளமான தைக்கோ இதற்கு நேரெதிர். சாதோ தீவிலிருந்து 1981இல் புறப்பட்ட கோடோ குழு உலகம் சுற்றிச் சுற்றி ஜப்பானிய மேளத்துக்குப் பெரிய அரங்குகளைப் பழக்கிவைத்திருக்கிறது. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ஓ-தைக்கோ என்னும் பெரிய மேளத்தை மேடைக்கு ஏற்றப் பத்துப் பேர் வேண்டும், சரக்குக் கதவு அகலமாக இருக்க வேண்டும். இன்னொன்றையும் கேளுங்கள்: அதே கட்டடத்தின் இன்னொரு அரங்கில் அன்று மாலை என்ன? பக்கத்தில் பியானோ கச்சேரி என்றால் இரண்டு பக்கமும் சண்டை. அரங்க ஊழியர்களுக்குக் காதடைப்பானும் கொடுக்க வேண்டும். இங்குள்ள வேலையிடச் சத்த விதிகளில் 85 டெசிபல் ஒரு முக்கியமான எல்லை.

கவ்வாலிக்கு எட்டிலிருந்து பத்துப் பேர். முன்வரிசையில் முதன்மைப் பாடகரும் ஹார்மோனியமும், பின்வரிசையில் கைத்தட்டும் கோஷ்டி. இங்கே நல்ல ஒலிபெருக்கி அவசியம், கூடவே ஆட இடமும். 1985இல் எசெக்ஸின் மெர்சி தீவில் நடந்த வோமாட் உலக இசை விழாவில் பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடினார். மேற்கத்திய ரசிகர்கள் பலர் கவ்வாலியை நேரில் கேட்டது அதற்குப் பிறகுதான். ரசிகர்கள் மேடைக்குப் போய்ப் பாடகர் மேல் ரூபாய் நோட்டு பொழிவது கவ்வாலியில் மரியாதை. அரங்கக் காவலருக்கு அது மேடையேறும் கலவரம் மாதிரித் தெரியும். முதல் மின்னஞ்சலிலேயே இதைச் சொல்லி, நடைபாதையில் ஒரு ஓரம் திறந்துவையுங்கள். நோட்டுகளைப் பொறுக்கிக் குழுவிடம் ஒப்படைக்க ஒரு ஆளையும் போடுங்கள்.

கமெலானை இந்தோனேசியாவிலிருந்து கொண்டுவர வேண்டாம். வெண்கலத் தொகுதி டன் கணக்கில் கனக்கும். இங்கேயே நல்ல தொகுதிகள் இருக்கின்றன: சவுத்பேங்கில் 1987இல் இந்தோனேசியா அன்பளிப்பாகத் தந்தது ஒன்று; யார்க், டர்ஹம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிலும் கிளாஸ்கோவிலும் இருக்கின்றன. ரெபாப் (வில் வாத்தியம்), கெண்டாங் (மேளம்) வாசிக்கிறவர்களையும் பொம்மலாட்டம் நடத்தும் தாலாங்கையும் மட்டும் ஜாவாவிலிருந்து அழைத்து, அந்தந்த ஊர்க் கமெலான் குழுவோடு வாசிக்கவைப்பதுதான் கட்டுப்படியாகும் வழி. ஒவ்வொரு தொகுதிக்கும் சுருதி வேறு; ஒன்றின் கட்டையைத் தூக்கி இன்னொன்றில் வைக்க முடியாது. ஆகவே ஊருக்கு ஊர் ஒரு முழு நாள் ஒத்திகை ஒதுக்க வேண்டும். ஜாவாவில் விடிய விடிய நடக்கும் வாயாங் பொம்மலாட்டத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் சுருக்கவும் அதே நாள் பயன்படும்.

புதிய இசைக்கு என்ன செய்வது? தனியாக ஒரு 'புதுமை மாலை' என்று ஒதுக்கினால் கூட்டம் வராது, கலைஞருக்கும் மதிப்பு இல்லை. மரபு நிகழ்ச்சிக்குள் இரண்டாம் பாதியில் வையுங்கள். ரவிசங்கர் தன் முதல் சிதார் கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த படைப்பு) லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் வேண்டுகோளுக்காக எழுதி 1971இல் அவர்களோடு வாசித்தார். அதற்கு நாலு வருடம் முன்பே, 1967இல், இசையமைப்பாளர் தோரு தாக்கெமிட்ஸு ஜப்பானியத் தந்தி வாத்தியமான பிவாவையும் மூங்கில் குழலான ஷகுஹாச்சியையும் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா முன்னால் உட்காரவைத்துவிட்டார். இத்தகைய கூட்டுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி ஒத்திகை. மரபுக் குழு விமானத்திலிருந்து இறங்கி நேரே மேடையேறும். நாலு பேர் வயலின் குழுவோடு புதிதாக எழுதிய படைப்புக்கு மூன்று நாள் ஒத்திகை, அதற்கு அறை வாடகை, எழுதியவருக்குச் சன்மானம். முதல் அரங்கேற்றத்தை லண்டனில் வைக்காதீர்கள். ஒரு சிறிய ஊரில் தொடங்கி, மூன்றாவது இரவில் பெரிய அரங்குக்கு வாருங்கள். அப்போதுதான் படைப்பு காலூன்றியிருக்கும்.

படி 3: வழித்தடம்

லண்டனிலிருந்து எடின்பரோ சுமார் 650 கிலோமீட்டர். அதை ஒரே மூச்சில் ஓட்டி அன்றைக்கே பாடச் சொல்வது கொலைபாதகம். தெற்கிலிருந்து வடக்கே ஏணிப்படி மாதிரி ஏறுங்கள்: லண்டன், லெஸ்டர், பர்மிங்காம், மான்செஸ்டர் அல்லது லிவர்பூல், லீட்ஸ் அல்லது பிராட்ஃபர்ட், கேட்ஸ்ஹெட், எடின்பரோ. கச்சேரி நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் வேண்டாம். பேருந்து பிடித்தால் ஓட்டுநர் ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம், நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஜனவரி, பிப்ரவரியில் ஸ்காட்லாந்து பக்கம் போகாமலிருப்பது புத்திசாலித்தனம். எம்6 நெடுஞ்சாலையில் ஷாப் மேடும், பென்னைன் மலையைக் கடக்கும் ஏ66 சாலையும் பனியில் எப்போது மூடும் என்று சொல்ல முடியாது.

ஊர்த் தேர்வில் யார் எங்கே வாழ்கிறார்கள் என்பது பாதி விடை. லெஸ்டரில் குஜராத்திகள், பிராட்ஃபர்டிலும் பர்மிங்காமிலும் பாகிஸ்தானியர், ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், க்ராய்டன் பக்கம் நம்மவர்கள், மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் சீனர்கள். மீதிப் பாதி, அவர்கள் இல்லாத ஊர்களில் இருக்கிறது. அங்கே அரங்குக்கென்று ஒரு நிரந்தர ரசிகர் கூட்டம் இருக்கும். பீத்தோவன் கேட்க வருகிற அதே ஆள் வீணை கேட்கவும் வருவார்.

டப்ளினைப் பெல்ஃபாஸ்டோடு சேர்த்து நினைக்காதீர்கள். பெல்ஃபாஸ்ட் ஐக்கிய ராஜ்ஜியத்துக்குள், டப்ளின் வேறு நாடு, விசாவும் வேறு.

படி 4: பணம்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 இருக்கையில் 60 சதவீதம் நிரம்பினால் 180 பேர். சராசரி டிக்கெட் 18 பவுண்ட் என்றால் 3,240. டிக்கெட்டுக்கு 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டென்றால் அதில் ஆறில் ஒரு பங்கு, 540, போய்விடும். மிச்சம் 2,700. அரங்கோடு 80க்கு 20 பங்கு ஒப்பந்தம் என்றால் இன்னொரு 540 கழிந்து கையில் 2,160. இதிலிருந்துதான் சன்மானம், விமானம், அறை, வேன், சாப்பாடு எல்லாம். ஆறு கச்சேரிக்கு இந்தக் கணக்கைப் பெருக்கினாலே மானியம் இல்லாமல் ஓடாது என்று தெரிந்துவிடும்.

அரங்குகளோடு பேச மூன்று வழி: முழு வாடகைக்கு எடுப்பது, வசூலில் பங்கு, அரங்கே ஒரு உறுதித் தொகை தருவது. புதியவர்கள் வாடகைக்கே போகிறார்கள், ஏனென்றால் அதுதான் கேட்டவுடன் கிடைக்கும். உறுதித் தொகைக்கு முயலுங்கள். ஒரே குழுவை ஐந்து அரங்குகளும் வாங்கினால் அரங்குக்கு வரும் சுமை குறையும் என்பதே நீங்கள் வைக்க வேண்டிய வாதம். மானியத்துக்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் தனித்தனி கலை நிதி அமைப்புகள். எல்லை தாண்டினால் புது விண்ணப்பம். பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்தால், வரி கட்டுகிற நன்கொடையாளர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் திரும்பப் பெறலாம். நம் சங்கங்கள் பல இதைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

கச்சேரி இல்லாத நாள்தான் சத்தமில்லாமல் பணத்தைத் தின்பது. ஐந்து கலைஞர், ஒரு ஓட்டுநர் என்றால் ஆறு அறை, ஆறு பேருக்குத் தினப்படி, வேன் வாடகை. அந்த நாளைப் பள்ளிப் பட்டறையால் நிரப்புங்கள்.

படி 5: விசாவும் வரியும்

இந்தியா, பாகிஸ்தான், சீனா, இந்தோனேசியா, மங்கோலியா, ரஷ்யாவைச் சேர்ந்த துவா ஆகிய இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு விசா கட்டாயம். இரண்டு பாதைகள். முதலாவது, கிரியேட்டிவ் வொர்க்கர் விசா: உரிமம் பெற்ற ஓர் அமைப்பு ஒவ்வொருவருக்கும் ஸ்பான்சர் சான்று தர வேண்டும். ஒரே சான்றில் பல ஊர்க் கச்சேரிகளை அடக்கலாம், ஆனால் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 14 நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. உங்களிடம் உரிமம் இல்லையென்றால் உரிமம் வைத்திருக்கும் ஏஜென்சியிடம் கட்டணம் கட்டி வாங்கலாம். இரண்டாவது, சாதாரண வருகை விசா: முன்கூட்டியே எழுத்தில் ஏற்பாடான, சன்மானம் உள்ள நிகழ்ச்சிகளை வந்திறங்கிய 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். சிறு சுற்றுக்கு இதுவே போதும். அழைப்புக் கடிதத்தில் பட்டறை, பள்ளி நிகழ்ச்சி எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். ஜப்பான், தென்கொரியக் கலைஞர்களுக்கு மூன்று மாதம் வரை விசா வேண்டாம். ஆனால் கிரியேட்டிவ் வொர்க்கராக வருவதானால் ஸ்பான்சர் சான்றோடு வந்து, தானியங்கிக் கதவு வழியே போகாமல், அதிகாரியிடம் முத்திரை வாங்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் பாஸ்போர்ட். விசாவுக்குக் கொடுத்தால் சில வாரங்கள் கைக்கு வராமல் போகலாம். அந்த நேரத்தில் மிருதங்கக்காரருக்கு சிங்கப்பூரில் கச்சேரி இருந்தால் எல்லாம் தடுமாறும். தேதி கேட்கும் முதல் போனிலேயே 'அண்ணா, பாஸ்போர்ட் எப்போ ஃப்ரீயா இருக்கும்?' என்று கேட்டுவிட வேண்டும்.

வெளிநாட்டுக் கலைஞருக்கு வரிவிலக்கு வரம்பைத் தாண்டிப் பணம் தந்தால், அதில் 20 சதவீத வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு பணம் தரும் உங்களுடையது. செலவு போக மிஞ்சுவது சிறு தொகைதான் என்றால் குறைத்துப் பிடிக்க அனுமதி கேட்கலாம். பணம் தரும் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பம் போக வேண்டும்.

படி 6: வாத்தியங்கள்

கஞ்சிராக்காரரிடம் தோல் என்ன என்று வெளிப்படையாகக் கேளுங்கள். உடும்புத் தோல் என்றால் இந்தியாவிலும் குற்றம், சர்வதேச வனவிலங்கு ஒப்பந்தத்திலும் தடை. ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் கஞ்சிரா எடுத்துவரச் சொல்லுங்கள். சீன வில் வாத்தியமான எர்ஹுவில் மலைப்பாம்புத் தோல், பழைய வீணையில் தந்த வேலைப்பாடு இருந்தாலும் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ரோஸ்வுட் பற்றிய பழைய பயம் இப்போது வேண்டாம். 2019 முடிவிலிருந்து அந்தக் குடும்பத்து மரங்களில் பெரும்பாலானவற்றால் செய்த வாத்தியங்களுக்கு விலக்கு உண்டு.

கடம் மடியில்தான் வர வேண்டும். வீணைக்குக் கெட்டிப் பெட்டி அல்லது தனி இருக்கை. தந்திகளைத் தளர்த்திவிட்டு ஏற்றுங்கள். மிருதங்கத்துக்கு இங்குள்ள குளிரைவிட ஹீட்டர்தான் எதிரி: காற்று காய்ந்தால் தோல் இறுகி சுருதி ஏறும். ஓட்டல் அறையில் ரேடியேட்டரை அணைத்துவிட்டு மூலையில் வைக்கச் சொல்லுங்கள். பாடகர் மாறும் சுற்று என்றால் சுருதியும் மாறும். ஒரு கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் ஒரே மிருதங்கம் ஆகாது.

படி 7: மேடை, ஒலி, நேரம்

கர்நாடகக் கச்சேரிக்கு ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகை மேடை, அதன்மேல் சுத்தமான விரிப்பு. மேடையே தரைமட்டம் என்றால் நாலாவது வரிசைக்குப் பாடகரின் தலை மட்டும்தான் தெரியும். மிருதங்கம் பாடகருக்கு வலப்பக்கம், வயலின் இடப்பக்கம். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை ரசிகர்களைப் பார்க்கும். மிருதங்கக்காரர் இடக்கையர் என்றால் இருவரும் இடம் மாறுவார்கள், மைக் வரைபடமும் மாறும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஒலிச் சோதனையில் அரைமணி நேரம் போய்விடும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் வாசிப்பவர் ரவை பிசைந்து ஒட்டுவார் என்பதையும் அரங்குக்குச் சொல்லி, பின்னறையில் ஒரு கிண்ணமும் தண்ணீரும் பழைய துணியும் வையுங்கள். கம்பளத்தில் ரவை காய்ந்தால் துப்புரவுக் கட்டணம் போட்டுவிடுவார்கள்.

இங்குள்ள ஒலிப்பொறியாளர்கள் திறமைசாலிகள், ஆனால் கை ராக் கச்சேரிக்குப் பழகியது. மிருதங்கத்தைக் கண்டதும் அடிநாதத்தை ஏற்றுவார்கள். ஒரே வாக்கியம் போதும்: 'எதிரொலி வேண்டாம், அடிநாதம் வேண்டாம், பாடகருக்குத் தம்புரா நன்றாகக் கேட்க வேண்டும்.'

இடைவேளைதான் உண்மையான தலைவலி. நம் கச்சேரியில் அது கிடையாது. அரங்குக்கோ 20 நிமிட இடைவேளையில் மதுக்கடை வருமானம் வேண்டும், பத்தரைக்குள் விளக்கணைக்க வேண்டும். முதல் பாதி எழுபது நிமிடம், துணைமெயினோடு முடித்துக்கொண்டு, இரண்டாம் பாதியை மெயின் உருப்படியில் தொடங்குங்கள். மெயினுக்கும் மிருதங்கக்காரர் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் நடுவில் மட்டும் வெட்டாதீர்கள். இந்துஸ்தானி என்றால் பருவத்தில் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக் கச்சேரியாவது வையுங்கள். இரவு ஏழரைக் கச்சேரிகள் மட்டுமே வைத்தால் காலை ராகங்களான தோடியும் பைரவும் இந்த நாட்டு ரசிகர் காதில் விழவே விழாது.

படி 8: ஆள் சேர்ப்பது

நம்மவர்கள் கடைசி வாரத்தில்தான் டிக்கெட் வாங்குவார்கள். மூன்று வாரம் முன்னால் காலி இருக்கைப் படத்தைப் பார்த்து அரங்க மேலாளர் கலங்குவார், முதலிலேயே சொல்லிவையுங்கள். கோயில், ஞாயிறு தமிழ்ப்பள்ளி, வாட்ஸப் ஒரு பக்கம், அரங்கின் சொந்த மின்னஞ்சல் பட்டியல் இன்னொரு பக்கம். ஏழரை என்றால் ஏழரைக்குக் கதவு மூடும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

படி 9: கச்சேரி இரவு

பத்தரைக்கு மேல் சிறு ஊர்களில் சமையலறை எதுவும் திறந்திருக்காது. சைவக் கலைஞருக்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்று தயிர்சாதமும் ஊறுகாயும் கட்டித்தரட்டும். கவ்வாலிக் குழுவுக்கு ஹலால். இது ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய விஷயம், உபசாரம் என்று விடக்கூடாது.

பாடிய உருப்படிகளின் பட்டியலை அன்றிரவே வாங்குங்கள், இசைக் காப்புரிமைத் தொகை வசூலிக்கும் பி.ஆர்.எஸ். அமைப்புக்குக் கட்ட வேண்டும். தியாகராஜருக்குக் காப்புரிமை இல்லை, போன வருடம் எழுதிய தில்லானாவுக்கு உண்டு. மேடையேறிய பிறகுதான் அடுத்து என்ன பாடுவது என்று முடிவெடுக்கிற வித்வான்களிடம் முன்கூட்டியே பட்டியல் கேட்டுப் பயனில்லை. ஒரு தன்னார்வலரை முதல் வரிசையில் நோட்டோடு உட்காரவையுங்கள்.

பிறகு அரங்க அலுவலகத்தில் வசூல் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்து. கலைஞருக்குப் பாக்கித் தொகையோடு, பிடித்த வரிக்கான எஃப்.இ.யு.2 சான்றையும் கொடுத்தனுப்புங்கள். அது இல்லாமல் ஊர் திரும்பினால் அதே வருமானத்துக்கு அங்கே வரிக்கழிவு கேட்க அவர் கையில் ஆதாரம் இருக்காது. அடுத்த வருடம் நீங்கள் போன் செய்யும்போது அவர் முதலில் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.